பார்த்தாலே படுத்துவிடும்

கம்ப்யூட்டரை ஓட்டத் தெரிந்தவர்கள் உண்டு. கெட்டுப்போனால் பிரித்துப்போட்டுச் சரிசெய்யத் தெரிந்தவர்களும் உண்டு. அவர்கள் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும், அவர்களோடு நமக்கு ஒரு சண்டையும் இல்லை. நான் இங்கே பிடித்து நிறுத்தி உங்களுக்குக் காட்டப்போவது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரைப் படுக்கவைக்க மட்டும் தெரிந்த ஒரு ஜீவனை. அதற்கு முடக்குச் சூரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். பிடிக்கவில்லையென்றால் நீங்கள் வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம். ஆள் மாறப்போவதில்லை.

இவரை உங்களுக்குத் தெரியும். பக்கத்து மேசைக்காரர் டீ குடிக்கப் போன நேரத்தில் அவருடைய திரையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தவர் இவர்தான். டெஸ்க்டாப்பை அப்படியே படம் பிடித்து, அந்தப் படத்தையே பின்னணியாகப் போட்டு, நிஜ ஐகான்களையெல்லாம் ஒளித்துவிட்டு, பாவம் அந்த டைப்பிஸ்ட் அம்மா அரை மணி நேரம் வெறும் படத்தை அமுக்கி அமுக்கிக் களைத்துப்போனதைத் தூணுக்குப் பின்னால் நின்று செல்போனில் வீடியோ எடுத்தவரும் இவர்தான். மவுசுக்கு அடியில் காகிதம் ஒட்டியவர், கீபோர்டில் இரண்டு பட்டன்களைப் பிடுங்கி இடம் மாற்றிச் சொருகியவர், 'உங்கள் கோப்புகள் அனைத்தும் அழிக்கப்படுகின்றன' என்று சிவப்பு எழுத்தில் திரையை நிரப்பி, ஓய்வுபெற இரண்டே மாதம் இருந்த மனிதரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரவைத்தவர். ஏன் ஐயா இப்படி என்று கேட்டுப்பாருங்கள். "சும்மா ஜாலிக்குப்பா" என்பார். ஜாலி யாருக்கு என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

அடையாளம் சொல்கிறேன். சாவிக்கொத்தில் ஒரு பென் டிரைவ் தொங்கும். யாராவது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தால் இவர் பின்னால் ஒரு பக்கமாக வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நாற்காலி கொடுத்தால் உட்காரமாட்டார். உட்கார்ந்தால் உட்கார்ந்திருப்பவரின் முகம் தெரியாதே. இவருடைய சொந்த லேப்டாப்புக்கு மட்டும் கடவுச்சொல், அதற்கு மேல் கைரேகை, அதற்கு மேல் ஜிப் வைத்த பை. பெற்ற மகள்கூட அதைத் தொட முடியாது. பரிசோதனை எல்லாம் அடுத்தவர் மெஷினில்தான். அந்த அடுத்தவரும் யார் என்று பாருங்கள்: மைத்துனர் வீட்டில் பிள்ளைகள் படிக்க வாங்கிய கம்ப்யூட்டர், கோயில் அலுவலகத்துக் கம்ப்யூட்டர், நூலகத்துக் கம்ப்யூட்டர். எங்கே கேமரா இல்லையோ, எங்கே கேள்வி கேட்க ஆள் இல்லையோ, அங்கே சூரரின் வீரம் பொங்கும். தான் சம்பளம் வாங்கும் இடத்தில் ஒரு ஐகானை இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள், எழுத்தில் அனுமதி கேட்பார்.

எனக்குக் கிடைத்த மாதிரியின் பெயர் பக்தவத்சலம். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. மவுஸ் கேட்பவருக்கு மவுஸ் கொடுப்பது, கேபிள் கேட்பவருக்குக் கேபிள் கொடுப்பது, இரண்டுக்கும் கையெழுத்து வாங்குவது. அதைத்தான் அவர் ஊரில் 'சிஸ்டம் செக்யூரிட்டி' என்று சொல்லிக்கொள்வார். விடுமுறை நாளில் புதுப்பட்டினம் கடைத்தெருவில் பிரிசில்லாவின் கம்ப்யூட்டர் சென்டரில் வந்து நிற்பார். நிற்பார் என்றுதானே சொன்னேன்? கையைக் கட்டிக்கொண்டு.

அந்த சென்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்பாக்கம் ஊழியர் பேருந்துகள் திரும்புகிற முனைக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது. பெயர்தான் சென்டர், உள்ளே ஒரே ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், நாலு பிளாஸ்டிக் நாற்காலி. சுற்றியிருக்கிற குப்பத்து ஜனங்களுக்கு ரேஷன் கார்டு, ஆதார் திருத்தம், மீன்பிடித் தடைக்கால நிவாரணம், முதியோர் உதவித்தொகை, பிள்ளைகளின் காலேஜ் விண்ணப்பம் எல்லாம் அந்த ஒரு மெஷின் வழியாகத்தான் நடந்தாக வேண்டும். இதில் ஒரு சிக்கல். எல்லம்மாள் என்ற பெயரில் மட்டும் ஏழு வாடிக்கைக்காரர்கள். காத்தவராயன் ஐந்து பேர். பெரியவர்களில் பலருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. யாருடைய காகிதம் எது என்று பிரிசில்லாவுக்கே தலை சுற்றியது.

அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு குடும்பத்தின் காகிதங்களையும் ஸ்கேன் செய்து ஒரு ஃபோல்டரில் போட்டு, ஒரு நம்பர் கொடுத்து, மெஷினுக்குள் ஒரு மூலையில் அடுக்கிவிடுவாள். வெளியே டெஸ்க்டாப்பில் அந்த ஃபோல்டருக்கு ஒரு ஷார்ட்கட். அந்த ஷார்ட்கட்டுக்குக் குடும்பத் தலைவரின் பெயர், கூடவே அந்தக் குடும்பம் கேட்கிற படம். கட்டுமரம் கேட்டவருக்குக் கட்டுமரம், குடை கேட்டவருக்குக் குடை, சிலுவை, வேல், இளநீர், ஆட்டோ, ஒரு வீட்டுக்குச் சுறா. திரை முழுக்கப் பொடிப் பொடியாக நூற்று எண்பத்தாறு படங்கள். மீன் விற்கிற ஆதியம்மாள் கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்து, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, திரையில் விரலை வைத்து, "தோ கீது பாரு, என் நண்டு" என்பாள். பிரிசில்லா நண்டை அமுக்குவாள். ஆதியம்மாள் குடும்பமே அதற்குள் இருந்து வெளியே வரும்.

நம்பரை யாரும் பார்த்ததில்லை. பிரிசில்லாவும் பார்த்ததில்லை. நண்டு இருக்கும்போது நம்பர் எதற்கு?

இப்போது சூரரின் ஆயுதத்துக்கு வருவோம். திரையைத் திருப்புவது, பட்டனைப் பிடுங்குவது எல்லாம் சலித்துப்போய்விட்ட பக்தவத்சலத்துக்கு, யாரோ எந்த நாட்டிலோ எழுதி இணையத்தில் போட்ட ஒரு பக்கம் கண்ணில் பட்டது. சொந்தமாக ஒன்றையும் கண்டுபிடிக்கும் பழக்கம் இந்த வகைக்குக் கிடையாது. ஆனால் சொல்லும்போது தானே விடிய விடிய ஆராய்ந்து பெற்றதுபோலச் சொல்லும். ஷார்ட்கட் என்பது வேறொன்றுமில்லை, முகவரி எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. அந்தச் சீட்டைப் படித்துப் பார்த்துத்தான் மெஷின் அதற்கு உரிய படத்தைத் திரையில் வரைகிறது. அந்தச் சீட்டின் உள்ளே புகுந்து வேண்டுமென்றே கோணல்மாணலாக எதையாவது எழுதிவைத்தால், மெஷின் அதைப் படிக்கப் போய்த் தடுக்கி விழும். எழுந்திருக்கும். மறுபடி திரையை வரைய வேண்டுமே என்று அதே சீட்டைப் படிக்கும். மறுபடி விழும். எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் இதே கதை.

இதை அவர் என்னிடம் விளக்கியபோது அவர் முகத்தில் இருந்த பூரிப்பைத் தலைப்பிள்ளை பெற்ற தகப்பனிடம்கூட நான் பார்த்ததில்லை.

"அண்ணாத்த, இது வைரஸ் கெடயாது. வெறும் ஷார்ட்கட்டு. நீ தொறக்கவே வாணாம். ஐகானு கண்ணுக்குத் தெரிஞ்சாலே போதும், சிஸ்டம் படுத்துக்கும். மச்சான் வூட்ல போட்டேன், அவன் அப்படியே முழிச்சிகினு நிக்கறான்."

"அப்புறம் எப்படிச் சரி செய்தீர்கள்?"

"பென் டிரைவ உருவிட்டேன். அவ்ளோதான். ஒண்ணும் ஆவாது."

ஒண்ணும் ஆவாது. இந்த வகையின் வேதவாக்கு இது. யாருக்கு ஆகாது? அவருக்கு ஆகாது. அதுவரையில் உண்மைதான்.

நான் சொல்லப்போகும் நாள் ஒரு வெள்ளிக்கிழமை, பக்தவத்சலத்துக்கு வார விடுமுறை. ரேஷன் கார்டு நகல் எடுக்க நான் போனபோது அவர் வழக்கம்போல் அங்கே நின்றுகொண்டிருந்தார். மணி மூன்றரை இருக்கும். ஆதியம்மாளும் அவள் மகள் சங்கவியும் அவசரமாக உள்ளே வந்தார்கள். சங்கவி எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்தவள். மூன்று வருடமாக ஏதோ ஒரு கம்பெனியில் பெட்டி கட்டுகிற வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். ஒரு பெரிய நிறுவனத்தில் டெக்னீஷியன் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், வருடத்துக்கு ஒரே ஒரு முறைதான், இணையத்தில் விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணிவரை நேரம். வயது வரம்பு இருபத்தைந்து. அவளுக்கு அடுத்த மாதம் இருபத்தைந்து முடிகிறது. அடுத்த வருடம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஏன் கடைசி நாள்வரை வைத்திருந்தாள் என்கிறீர்களா? போன மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து சான்றிதழ்களெல்லாம் கூழாகிவிட்டன. டிப்ளமோவுக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதி, நாலு மாதம் அலைந்து, அது அன்று பகல் தபாலில்தான் கைக்கு வந்தது. மற்ற மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்றிதழ், போட்டோ, கையெழுத்து எல்லாம் மழைக்கு முன்னாலேயே பிரிசில்லா ஸ்கேன் செய்து வைத்திருந்தாள். அந்தக் காகிதங்கள் உலகத்தில் இனி மிச்சமிருந்தது ஒரே இடத்தில். நண்டுக்குள்.

"அக்கா, இது ஒண்ணுதான் பாக்கி இருந்திச்சு, வந்துட்ச்சு" என்று சங்கவி அந்த உறையை நீட்டினாள். ஓடி வந்திருந்தாள்.

"ஒக்காரு, ஒக்காரு. எம்மாந் நேரம் கீது. முடிச்சிடலாம்" என்றாள் பிரிசில்லா. விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து, பெயர், முகவரி, படிப்பு எல்லாவற்றையும் நிரப்பினாள். இனி நண்டைத் திறந்து ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டியதுதான். அதற்கு முன் என் ரேஷன் கார்டை நகல் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று எழுந்து ஜெராக்ஸ் மெஷின் பக்கம் போனாள். எனக்காகத்தான் எழுந்தாள். அதை நான் மறைக்கப்போவதில்லை.

காலியான நாற்காலியைப் பார்த்த சூரருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சாவிக்கொத்து குலுங்கியது. பென் டிரைவைச் சொருகினார், ஜிப் ஃபைலாக மூட்டை கட்டி வைத்திருந்த எதையோ டெஸ்க்டாப்பில் அவிழ்த்துப் போட்டார், உருவிக்கொண்டார், பழையபடி கையைக் கட்டிக்கொண்டு பின்னால் போய் நின்றார். பத்து விநாடி ஆகியிருக்காது. என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். செல்போனை எடுத்து, பிரிசில்லாவின் முகம் விழுகிற மாதிரி சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

பிரிசில்லா வந்து உட்கார்ந்தாள். விண்ணப்பப் பக்கத்தைச் சுருக்கி டெஸ்க்டாப்புக்கு வந்தாள். நூற்று எண்பத்தாறு படங்களும் ஒரு தடவை வெட்டி மறைந்தன. வந்தன. மறைந்தன. திரை வெறும் நீலமாக நின்றது. மவுசை ஆட்டினாள். பட்டனைத் தட்டினாள். மெஷினின் பக்கவாட்டில் ஒரு அடி கொடுத்தாள். அவள் முகம் போன போக்கு இருக்கிறதே, அதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். ஆமாம், நானும்தான். கண்ணடித்தவரின் கூட்டாளி சிரிக்காமல் இருந்தால் மரியாதையாக இருக்காதே.

"இன்னாக்கா ஆச்சு?" என்றாள் சங்கவி.

"ஹேங்க் ஆயிட்ச்சு போல. இரு, ரீஸ்டார்ட் பண்றேன்."

மெஷின் அணைந்து எழுந்தது. படங்கள் வந்தன. மறைந்தன. நீலம். மறுபடியும் அணைத்தாள். மறுபடியும் நீலம். மூன்றாவது தடவைதான் பக்தவத்சலம் வாய்விட்டுச் சிரித்து, செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மேடையேறுகிற பேச்சாளர் மாதிரி முன்னால் வந்தார்.

"எழுந்திரு பிரிசில்லா. டாக்டர் வந்துட்டேன்."

"அண்ணா, நீங்க இன்னா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ல. உன் சிஸ்டத்துல ஒரு ஓட்டை கீது, அத்தக் காட்னேன். அஞ்சு நிமிஷம்."

பாருங்கள், இதுவும் இந்த வகையின் வழக்கம். கதவை உடைத்தவர், கதவு பலமில்லை என்று எடுத்துக்காட்டியதாகச் சொல்லிக்கொள்வார். நாம் நன்றி சொல்ல வேண்டுமாம்.

நாற்காலியில் உட்கார்ந்தார். பென் டிரைவைச் சொருகினார், உருவினார். மச்சான் வீட்டில் அப்படிச் செய்ததும் சரியாகிவிட்டதாம். அங்கே அந்த விஷச் சீட்டு பென் டிரைவிலேயே இருந்தது. உருவியதும் அதுவும் சேர்ந்து வெளியே போனது. இங்கேயோ அதை டெஸ்க்டாப்பிலேயே நகலெடுத்துப் போட்டுவிட்டார். நீக்க வேண்டுமென்றால் அதைத் திரையில் பார்க்க வேண்டும். பார்த்தால் மெஷின் படுத்துவிடும். இது இவருக்கு அப்போதுதான் உறைத்தது. முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் சிரிப்பதை நிறுத்தியது. கெடுப்பதற்கு வழி எழுதியிருந்த அந்தப் பக்கத்தில், சரிசெய்வதற்கும் கீழே நாலு வரி எழுதியிருந்திருக்கலாம். அதுவரை படிக்கிற பொறுமை இந்த வகைக்கு ஏது?

மணி நாலு பத்து.

"யோவ், இன்னா நேரம் ஆவுது தெரியுமா? அஞ்சு மணிக்கு மூடிடுவானாம்" என்றாள் ஆதியம்மாள்.

"இரும்மா, டென்ஷன் பண்ணாத. டெக்னிகலா பாத்துகினு கீறேன்."

டெக்னிகலாக என்ன செய்தார் தெரியுமா? செல்போனில் தன் தொழிற்சாலை நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு, வாசலுக்குப் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டார். நண்பர் உருப்படியாக ஒன்று சொல்லிக்கொடுத்தார்: டெஸ்க்டாப்பே வராமல் வெறும் கறுப்புத் திரையில் கட்டளை தட்டச்சு செய்து, அந்த ஃபைலின் பெயரைச் சொல்லி அதை மட்டும் அழித்துவிடலாம். நல்ல யோசனை. திரும்பி வந்து கறுப்புத் திரையையும் எப்படியோ கொண்டுவந்துவிட்டார். அப்புறம் கையைத் தட்டச்சுப் பலகையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"இன்னாண்ணா?" என்றாள் பிரிசில்லா.

"பேரு இன்னா வெச்சேன்னு..." என்று தலையைச் சொறிந்தார்.

யாரும் சந்தேகப்படக் கூடாது என்று அந்த ஃபைலுக்கு வாடிக்கைக்காரர் பெயர் மாதிரி ஒரு பெயர் வைத்திருந்தாராம். எந்தப் பெயர் என்று நினைவில்லை. அவர் முன்னால் வரிசையாக எல்லம்மாள்களும் காத்தவராயன்களும் ஏசுபாதங்களும் ஓடினார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து எது தன்னுடையது என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை. அது பொறுமை உள்ளவனின் வேலை. நம்மவர் சூரர் அல்லவா? பிரிசில்லா "அண்ணா, இருங்க, நான் பேரப் பாத்துச் சொல்றேன்" என்று சொல்லி முடிப்பதற்குள், "எல்லாம் வெறும் ஷார்ட்கட்டுதானே, ஃபைலு உள்ள பத்திரமா கீது" என்று ஒரே கட்டளையில் நூற்று எண்பத்தேழையும் துடைத்துவிட்டார்.

அப்படித் துடைத்தால் அது குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாது. போனது போனதுதான்.

மெஷின் எழுந்தது. இப்போது படுக்கவில்லை. ஜம்மென்று நின்றது. "பாத்தியா!" என்று பக்தவத்சலம் கையைத் தட்டினார். திரையில் ஒரு படம் இல்லை. கட்டுமரம் இல்லை, குடை இல்லை, சுறா இல்லை. ஆதியம்மாள் எழுந்துபோய்த் திரைக்கு மிக அருகில் குனிந்து, நண்டு இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"என் நண்டு எங்க?"

"அது வெறும் படம்மா. சாமான் உள்ள கீது" என்றார் பக்தவத்சலம்.

உள்ளே இருந்தது உண்மைதான். ஒன்று முதல் நூற்று எண்பத்தாறுவரை நம்பர் போட்ட ஃபோல்டர்கள். எதிலும் பெயர் கிடையாது. நண்டின் நம்பர் என்ன? "நண்டுன்னா நண்டு. நம்பர யாரு பாத்தா?" என்று பிரிசில்லா அழ ஆரம்பித்துவிட்டாள். மணி நாலரை தாண்டியிருந்தது. ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து, உள்ளே இருக்கிற போட்டோவைப் பார்த்து, சங்கவியா இல்லையா என்று கண்டுபிடிக்க வேண்டும். வேறு வழியில்லை.

"நவுருங்கண்ணா, நான் பாக்கறேன்."

நகர்ந்தாரா? மவுசைக் கையில் பிடித்த சூரரிடமிருந்து அதைப் பிடுங்க யாராலும் முடியாது. அவரே திறந்தார், அவரே மூடினார். அதுவும் எப்படி? சங்கவி அவர் தோளுக்குப் பின்னால் நின்று சுவர்க் கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்க, நாற்பத்திரண்டாவது ஃபோல்டரில் நிறுத்தி, "இது நம்ம தர்மராஜு இல்ல? இன்னா முடி பாரேன், அப்ப எப்படி கீறான்!" என்றார். எழுபதில் யாருடையதோ கல்யாணப் பத்திரிகையைப் படித்தார். நூற்றுப் பத்துக்கு அப்பால் சங்கவியே அவர் கையோடு மவுசைப் பிடித்து இழுத்தாள். அவர் முறைத்தார். "பொறுமையா இரும்மா. அவசரப்பட்டா வேலைக்கு ஆவாது" என்று அவளுக்குப் புத்தி சொன்னார்.

நூற்று எழுபத்தொன்றில் சங்கவியின் முகம் வந்தது. மணி நாலு ஐம்பத்து நாலு.

பிரிசில்லா அவரை இடுப்பால் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். விண்ணப்பப் பக்கத்தைப் புதிதாகத் திறக்க வேண்டியிருந்தது. ரீஸ்டார்ட் செய்ததில் முன்பு நிரப்பியதெல்லாம் போயிருந்தது. பெயர். முகவரி. படிப்பு. அவள் விரல் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. போட்டோ ஏறியது. கையெழுத்து ஏறியது. மதிப்பெண் பட்டியல் ஏறியது. அந்தப் புதுச் சான்றிதழை ஸ்கேனரில் குப்புறப் போட்டு மூடினாள். ஸ்கேனரின் வெளிச்சம் மெதுவாக, மிக மெதுவாக, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்ந்தது. ஆதியம்மாள் கையைக் கூப்பிக்கொண்டு அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் உட்காரவில்லை. சான்றிதழை ஏற்றிவிட்டு பிரிசில்லா கடைசிப் பட்டனை அமுக்கினாள். சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பக்கம் மாறியது. விண்ணப்பிக்கும் நேரம் முடிந்துவிட்டது என்று ஒரே வரி. நன்றி என்றும் போட்டிருந்தது.

பிரிசில்லா இன்னும் இரண்டு தடவை அந்தப் பட்டனை அமுக்கினாள்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன செய்வான்? மன்னிப்புக் கேட்பான். வாய் வராவிட்டால் தலையைக் குனிந்துகொண்டு நழுவுவான். முடக்குச் சூரர் சாதாரண மனிதரல்ல. அவர் சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டே, பொதுவாக எல்லோருக்கும் பயன்படுகிற மாதிரி, இரண்டு கருத்துகளைச் சொன்னார்.

"லாஸ்ட் டேட்டு வரைக்கும் இன்னாத்துக்கு வெச்சிகினு இருக்கணும்? அதான் தப்பு. அப்பால, பிரிசில்லா, நீ பேக்கப் எடுக்காம கட நடத்திகினு கீற. பெரிய ரிஸ்க்கு."

சங்கவி அவரைத் திட்டவில்லை. ஸ்கேனர் மூடியைத் தூக்கிச் சான்றிதழை எடுத்தாள், உறையில் போட்டாள், உறையின் வாயை நக்கி ஒட்டப் பார்த்தாள். பசை ஏற்கெனவே காய்ந்திருந்தது. "மரம் மாதிரி நின்னுகினு பாக்காத, வா" என்று அம்மாவைத்தான் அதட்டினாள். வாசலில் கூடையைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஆதியம்மாள் மட்டும் படியில் திரும்பி நின்று, "படத்தயாவது திருப்பிப் போட்டுக் குடு சார். அது இருந்தா எங்குளுது எதுன்னு தெரியும்" என்று அந்த மனிதரிடம் கெஞ்சினாள். எனக்கு அந்த ஆளை அறைய வேண்டும்போல் இருந்தது. நான் அறையவில்லை. கையில் என் ரேஷன் கார்டு நகல் இருந்தது.

அதற்கப்புறம் சூரர் வாழ்வில் குறை ஒன்றுமில்லை. இப்போதும் டீக்கடையில் இந்தக் கதையைச் சொல்கிறார். அவர் சொல்கிற கதையில் ஒரு சென்டரின் சிஸ்டம் படுத்துவிடுகிறது, யாராலும் முடியவில்லை, பக்தவத்சலம் வந்து கறுப்புத் திரையில் ஒரே வரியில் எழுப்பி நிறுத்துகிறார். அந்தக் கதையில் சங்கவி கிடையாது. இரண்டு பள்ளிக்கூட ஆசிரியர்கள் அவரைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் பாதுகாப்பு பற்றிப் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்களாம். பேசட்டும். இந்த நாட்டில் யார் எதைப் பற்றிப் பேசுவது என்பதற்கு வரம்பு ஏது?

நானும் இந்தக் கதையைப் பத்துப் பதினைந்து பேரிடமாவது சொல்லியிருப்பேன். செங்கல்பட்டு ரயிலில் சொன்னேன், முட்டுக்காட்டில் படகு வரிசையில் நின்றபோது சொன்னேன், ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் சொன்னேன். கேட்டவர்கள் எல்லோரும் நல்லவர்கள். ஆதியம்மாளுக்காக உச்சுக்கொட்டினார்கள். பக்தவத்சலத்தை வாய் வலிக்கத் திட்டினார்கள். திட்டி முடித்த பிறகு கொஞ்சம் நகர்ந்து நெருங்கி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "அது செரி, அந்த ஷார்ட்கட்டுக்குள்ள அப்படி இன்னாத்த மாத்துனான்?" என்று கேட்டார்கள். ஒருவர் பேனாவையே எடுத்துவிட்டார்.

அவர்களைச் சொல்லி என்ன? அன்று மாலை சங்கவி கூடையோடு தெருமுனையைத் தாண்டுவதற்குள் நான் பக்தவத்சலத்திடம் கேட்டதும் அதைத்தான். அவரும் மகிழ்ச்சியாகச் சொன்னார். இவ்வளவு சின்ன விஷயமா என்று நான் வியந்துகொண்டே வீட்டுக்குப் போனேன்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. அடுத்தவர் மெஷினில் கை வைக்கமாட்டீர்கள், எனக்குத் தெரியும். ஆகவே உங்களிடம் மட்டும் மறைக்கவேண்டியதில்லை. அந்தச் சீட்டில் எதை மாற்றினார் என்பது எனக்குத் தெரியும். சங்கவி இப்போது எங்கே இருக்கிறாள், என்ன செய்கிறாள் என்பதும் தெரியும். எதை முதலில் சொல்லட்டும்?